பன்னிரண்டு நொடி அசையாத மணப்பெண்

தியோடர் ஏணியிலிருந்து விழுந்தது செவ்வாய்க்கிழமை. அவர் மகள் நோராவுக்குக் கல்யாணம் சனிக்கிழமை. வீட்டு முகப்பில் சீரியல் லைட் கட்ட ஆள் சொல்லியிருந்தும், "அவன் கோணல்மாணலாக் கட்டுவான்" என்று மனுஷன் தானே ஏறிவிட்டார். லைட் என்னமோ நேராகத்தான் தொங்கியது. தொடை எலும்புதான் ரெண்டாகப் போயிற்று. ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் காலைத் தூக்கிக் கட்டி, நுனியில் எடையைத் தொங்கவிட்டு, ஆறு வாரம் கட்டிலைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவர் தங்கை எமலின் மெல்ல இழுத்தாள். தியோடர் படுத்த படுக்கையிலேயே எகிறினார்.

"மூணு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. மாப்பிள்ளை டென்சில் புதன்கிழமை மஸ்கட்டுக்கு ஃப்ளைட் ஏறணும். கல்யாணம் நிக்கக் கூடாது. ஆனா டென்சில் தாலி கட்டற நேரத்துல நான் அதைப் பாக்கணும். பாத்து, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணணும். அவ அம்மாவுக்கும் சேத்து நான்தானே பண்ணணும்?"

"மறுநாளே கேசட் கொண்டாந்து போட்டுக் காட்டறோம் அண்ணா."

"முடிஞ்ச கல்யாணத்துக்கு ஆசீர்வாதமா? எலெக்ஷன் ரிசல்ட் வந்தப்புறம் ஓட்டுப் போடற மாதிரி!"

பக்கத்து வீட்டு வீணா சாத்துக்குடிப் பையோடு கட்டில் ஓரமாக நின்றிருந்தாள். வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நான் காட்டறேன் அங்கிள். தாலி கட்டற அந்த நிமிஷமே, இந்த ரூமுலயே" என்று சொல்லிவிட்டாள்.

இத்தனைக்கும் அது வெட்டி வீராப்பு இல்லை. காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரி மாடியில் வீணாவோடு சேர்த்து நாலே பேர் வேலை பார்க்கிற கம்பெனி. ரெண்டு வருஷமாக அவள் எழுதிக்கொண்டிருந்த ப்ரோகிராம் பொம்மசந்திராத் தொழிற்சாலை கேட்டுகளுக்கானது. கேட்டில் கேமரா இருக்கும், முதலாளி வீட்டில் இருந்தபடியே பார்ப்பார். நடுவில் இருப்பதோ சாதா டெலிபோன் லைன். இது இரண்டாயிரமாவது வருஷத்துக் கதை. அந்த லைனில் வீடியோவை அப்படியே அனுப்பினால் ஒரு லாரி கேட்டைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

வீணா கண்டுபிடித்த வழி இது. கேட்டும் சுவரும் வேப்பமரமும் நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றை எதற்குத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்? கூத்துக்காரர்கள் படுதாவை ஒரு தடவை கட்டிவிட்டால் விடிய விடிய ஆள்தானே வந்து போகிறான். அதேபோல் பின்னணியை ஒரு தடவை அனுப்பி அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, அப்புறம் அசைகிறதை மட்டும் வெட்டி அனுப்பினால் போதும். அந்தப் பக்கம் ரெண்டையும் ஒட்டிக் காட்டிவிடும். கேமராவைத் திருப்பினாலும் கவலையில்லை. தூணையும் ஜன்னலையும் பார்த்தே தான் இப்போது எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று ப்ரோகிராம் கண்டுபிடித்து, நீளமான பின்னணிப் படத்தின் மேல் ஒரு சிவப்புச் சதுரம் போட்டுக் காட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் வீணாவோடு வேலை பார்க்கிற பிரகாஷ் ஒரு கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தியோடர் கட்டிலோரத்து டெலிபோன் லைனில் மாட்டினான். வீணா சர்ச்சில் பீடத்துக்குப் பக்கத்தில், ஆர்கன் பெட்டி மறைவில் கேமராவையும் தன் கம்ப்யூட்டரையும் வைத்தாள். சர்ச் ஆபீஸ் டெலிபோனிலிருந்து நாற்பதடி ஒயரை இழுத்து மோடத்தில் சொருகினாள். ஆளில்லாத சர்ச்சை வாசல் முதல் பீடம் வரை மெதுவாகச் சுற்றிப் படமெடுத்தாள். பெஞ்சு, தூண், கலர்க் கண்ணாடி ஜன்னல், பீடத்துக்கு முன்னால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் போட்டிருந்த ரெண்டு வெள்ளை உறை நாற்காலி, எல்லாம் ஒரே நீளப் படமாகச் சேர்ந்து லைனில் நாற்பது நிமிஷம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. திரையின் அடியில் இருக்கும் செய்திக் கட்டத்தில் பிரகாஷ், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினான்: "வந்துடுச்சு குரு! சக்கத்தா இருக்கு, பிரமாதம்!"

அதற்குள் வெயில் வந்து கெடுத்தது. கலர்க் கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாகச் சுவரில் விழுந்த வெளிச்சம் நகர நகர, ப்ரோகிராம் அதையும் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்து அனுப்பத் தொடங்கியது. லைன் மூச்சு முட்டி நின்றுவிட்டது. வீணா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு விதியைச் சேர்த்தாள். எது பன்னிரண்டு நொடி அசையாமல் இருக்கிறதோ அது பின்னணி. அதை அனுப்ப வேண்டாம். வெயில் அடங்கியது. லைன் மூச்சு விட்டது.

சோதனைக்கு நோராவையே நடக்கச் சொன்னாள். நோரா ஸ்கூலில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ. பஸ் ஸ்டாப்பில் நின்றால்கூட ஒரு காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருப்பாள். அவள் பன்னிரண்டு நொடி ஒரே இடத்தில் நின்றதைக் காக்ஸ் டவுனில் ஒருத்தரும் பார்த்ததில்லை. பெஞ்சுக்கு நடுவே அவள் துள்ளிக்கொண்டு வந்ததை ஆஸ்பத்திரியில் தியோடர் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பி எழுப்பிக் காட்டினாராம். வீணா நிம்மதியாக வீட்டுக்குப் போய் மூக்குமுட்டச் சாப்பிட்டாள்.

எல்லாவற்றையும் யோசித்தவள் எமலின் அத்தையை யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நோராவுக்குத் தலையில் நெட்டு என்கிற வெள்ளை வலை முக்காட்டை வைத்துப் பின் குத்திக்கொண்டே அத்தை பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கை ஒரு வேலை செய்தால் வாய் ரெண்டு வேலை செய்யும். "இதோ பாருடீ, இது ஸ்கூல் கிரவுண்டு இல்லை. பீடத்துக்கு முன்னாடி சிலையாட்டம் இருக்கணும். தலை நிமிரக் கூடாது, கை ஆடக் கூடாது, கண்ணு உருளக் கூடாது. நீ கொஞ்சம் அசைஞ்சாலும் டென்சில் வீட்டாளுங்க, 'தாயில்லாப் பொண்ணு, யாரு சொல்லிக் குடுத்திருப்பா'ன்னு பேசுவாங்க."

எப்போதும் வாய்க்கு வாய் பேசுகிற நோரா அந்தக் கடைசி வார்த்தையில் அடங்கினாள். "சரி அத்தை" என்றாள். வீணா அந்த நேரத்தில் சர்ச்சில் ஒயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு இது எங்கே தெரியும்?

பத்து மணிக்கு ஆர்கன் முழங்கியது. நோரா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வீணா கேமராவை வாசல் பக்கம் திருப்பினாள். சந்தன நிறப் பட்டு, வெள்ளைப் பூங்கொத்து. முன்னால் ரெண்டு குட்டிப் பெண்கள் பூ இறைக்கிறேன் பேர்வழி என்று ஒருத்தி மேல் ஒருத்தி எறிந்துகொண்டு வந்தார்கள். செய்திக் கட்டம் பொரிந்தது.

"தெரியுது தெரியுது!"

"பெரியவர் அழுவறார்!"

"நர்ஸுங்க எல்லாம் வந்துட்டாங்க. வார்டுபாய் ஸ்டூல் மேல ஏறிட்டான்!"

வீணாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கல்யாணமே டெலிபோன் ஒயருக்குள் புகுந்து, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி, ஒரு பைசா பெட்ரோல் இல்லாமல் ஓசூர் ரோட்டில் போய் இறங்குகிறதே! ஆர்கன் வாசிக்கிறவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அவர் வாசித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆதாமில் ஆரம்பித்தார். வீணா சாய்ந்து உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள். அவள் திரையில் எல்லாரும் இருந்தார்கள். அது கேமரா நேராகப் பார்க்கிற படம். ஒயரில் என்ன போகிறது என்பதை அந்தத் திரை காட்டாது.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"வீணா, பொண்ணு எங்கே?"

வீணா நிமிர்ந்து பார்த்தாள். நோரா கண்ணெதிரே பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "இங்கேதான் இருக்கா" என்று தட்டினாள்.

"இங்கே இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. ரெண்டு காலி நாற்காலிதான் இருக்கு. போதகர் ஐயா நாற்காலிங்களுக்குக் கைய ஆட்டி ஆட்டிப் பிரசங்கம் பண்றார்."

"ஜனங்க?"

"ஒருத்தரும் இல்லை. விசிறிக்கற நாலு கை, ஒரு அழுவற குழந்தை, எமலின் அத்தை. அவ்வளவுதான்."

வீணாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு நொடி! வெயிலுக்குப் போட்ட விதி கல்யாணப் பெண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நோரா அசையவில்லை, சரி, இவளும் சுவர்தான் என்று இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் முடிவு கட்டி, அனுப்புவதை நிறுத்திவிட்டது. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அதை யார் சொன்னார்கள்? அது நேற்றைய ஆளில்லாத சர்ச்சைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருந்தது. எமலின் அத்தை மட்டும் முந்தானையைச் சரிசெய்து, கைக்குட்டையை எடுத்து, பின்னால் திரும்பி யாரையோ முறைத்து, ஒரு நொடிகூடச் சும்மா இல்லாததால் தப்பித்தாள்.

"பெரியவர் கேக்கறார், ரெண்டு பேரும் ஓடிட்டாங்களான்னு."

"ரெண்டு பேருக்கும்தானே கல்யாணம், அப்புறம் எதுக்குச் சேந்து ஓடணும்னும் கேக்கறார்."

"வாசல் பக்கம் காட்டச் சொல்றார். ஜல்தி!"

வேறு வழியில்லாமல் வீணா கேமராவை வாசலுக்குத் திருப்பினாள். சிவப்புச் சதுரம் ஜன்னல்களைத் தாண்டி ஓடி வாசலில் போய் நின்றது. அங்கே தாமதமாக வந்த ஒரு மாமா செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இது மாப்பிள்ளை இல்லையே" என்று பிரகாஷ் தட்டினான். அவனுக்கும் மூளை குழம்பிவிட்டிருந்தது. வீணா கேமராவைப் பழையபடி பீடத்துப் பக்கம் திருப்பினாள்.

ப்ரோகிராமை நிறுத்தித் திருத்தினால் லைன் அறுந்துவிடும். மறுபடி பின்னணி போய்ச் சேர நாற்பது நிமிஷம். போதகர் ஆதாமையும் ஏவாளையும் முடித்து ஈசாக்கு ரெபெக்காளுக்கு வந்துவிட்டார். இன்னும் கால் மணி தாங்கினால் அதிகம். பிறகு தாலி. அந்த நேரத்திலும் நோரா இதே மாதிரி தலைகுனிந்து நின்றால் ஆஸ்பத்திரியில் என்ன தெரியும்? டென்சிலின் ரெண்டு கை காற்றின் கழுத்தில் தாலி கட்டுவது தெரியும். மனைவிக்கும் சேர்த்து ஆசீர்வாதம் பண்ணக் காத்திருக்கிற மனுஷன் வெறும் நாற்காலியைப் பார்த்தா கையைத் தூக்குவார்? வீணாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் சொன்னேனே, நான் காட்டறேன்னு சொன்னேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பாட்டுத் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் "அசையுங்க" என்று எழுதி, ஆர்கன் பெட்டிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நோரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டென்சில் பார்த்தான். நல்ல பையன், ஏன் எதற்கு என்று கேட்காமல் வலது காலைக் கொஞ்சம் ஆட்டினான்.

"மாப்பிள்ளையோட ஒரு கால் வந்திருக்கு" என்றது செய்திக் கட்டம். "முட்டிக்குக் கீழே மட்டும். பெரியவர் அந்தக் காலையே பாத்துட்டிருக்கார்."

பிரசங்கம் முடிந்தது. பாட்டுக்காகச் சபை எழுந்து நின்றது. இதுதான் சமயம் என்று வீணா ஆர்கன் மறைவிலிருந்து வெளியே வந்தாள். நானூறு பேர் பார்க்க நேராக நோராவிடம் போய், கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். பின்னால் எமலின் அத்தை, "ஏய், என்னடீ பண்றே?" என்று சீறினாள்.

"நோரா, அசையாம நின்னா அப்பாவுக்கு நீ தெரிய மாட்டேடீ. என் தப்புதான், அப்புறம் என்னை மிதி. இப்ப உங்கப்பா காலி நாற்காலியைப் பாத்துட்டுப் படுத்திருக்கார். தாலி கட்டறப்போ ஆடிட்டே இரு."

நோரா தலையைத் தூக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "அசையாம இருக்கணும்னு அத்தை... டென்சில் வீட்டுல எல்லாரும்..."

அதற்குள் அத்தையின் கை வீணாவின் தோளில் விழுந்து அவளை ஓரமாகத் தள்ளியது. வீணா ஆர்கன் பக்கம் ஓடிவந்தாள். பாட்டின் கடைசி அடி போய்க்கொண்டிருந்தது.

போதகர் தாலியைக் கையில் வைத்து ஜெபம் பண்ணி டென்சிலிடம் கொடுத்தார். அத்தை நெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நோரா சிலையாக நின்றாள். டென்சில் கையைக் கொண்டுபோனான்.

"கை மட்டும் வருது வீணா. தாலி காத்துல வருது. பெரியவர் எங்கே எங்கேன்னு கேக்கறார்."

வீணா, "நோரா!" என்று கத்தியேவிட்டாள்.

நோரா நிமிர்ந்தாள். ஒரு பார்வை டென்சில் வீட்டு வரிசையை, ஒரு பார்வை கேமராவை. பிறகு பட்டுப் புடவையை ரெண்டு கையாலும் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்து, இடது வலது, இடது வலது என்று நின்ற இடத்திலேயே டிரில் மார்ச் ஆரம்பித்தாள்! வளையல் குலுங்கியது, நெட்டு துள்ளியது. டென்சில் தாலியோடு அவள் கழுத்தைத் துரத்தினான். சபையில் ஒரு பெரிய "ஹே" கிளம்பியது. அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

போதகர் புத்தகத்தைத் தாழ்த்தினார். "என்னம்மா இது?"

"எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்து பாக்கறாங்க ஐயா. சும்மா நின்னா நான் தெரிய மாட்டேனாம்."

போதகர் திரும்பிக் கேமராவைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், அழுதுகொண்டே தலையாட்டுகிற வீணாவைப் பார்த்தார். "அப்போ நல்லா குதிம்மா" என்றார். "தம்பி, நீங்களும்."

இனி கேட்க வேண்டுமா? நோரா குதிக்க, டென்சில் குதிக்க, முதல் முடிச்சு விழுந்தது. டென்சில் வீட்டு வரிசையில் ஒரு அம்மாள் வாயில் கைக்குட்டையை வைத்துச் சிரித்துச் சிரித்து முன்பெஞ்சில் கவிழ்ந்தாள். அது டென்சிலின் அம்மாவேதான். பூ இறைத்த குட்டிகள் ரெண்டும் விடுவார்களா, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரெண்டாம் முடிச்சு. மூன்றாவதுக்கு டென்சிலுக்கு மூச்சு வாங்கியது.

வீணா செய்திக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

"வந்துட்டாங்க. முழுசா. ரெண்டு பேரும்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"கையைத் தூக்கிட்டார். ரெண்டு கையும். எடை ஆடுதுன்னு நர்ஸ் திட்டுது, அவர் காதுலயே வாங்கலை."

வீணா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கீபோர்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று ஆர்கன்காரருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் நோரா மாலையோடு சர்ச் ஆபீசுக்குள் ஓடிவந்தாள். பின்னால் டென்சில். அவனுக்குப் பின்னால் எமலின் அத்தை, முகம் கடுகடுவென்று. வீணா மோடத்தைப் பிடுங்கிவிட்டு டெலிபோனைச் சொருகி, ஆஸ்பத்திரி நம்பரைச் சுற்றினாள். மணி அடிக்கும் முன்னே தியோடர் எடுத்தார். அந்தப் பழைய டெலிபோனில் அந்தப் பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

நோரா வாயைத் திறப்பதற்குள் அத்தை ரிசீவரைப் பறித்தாள். "அண்ணா, நானூறு பேர் முன்னாடி உன் பொண்ணு என் மானத்தை வாங்கிட்டா. அவ்வளவு சொல்லிக் குடுத்தும்..."

"எமலின்," என்றார் தியோடர். "நீ சொன்ன மாதிரி இருந்த வரைக்கும் எனக்கு என் பொண்ணு கண்ணுலயே படலை. நாற்காலிதான் இருந்துச்சு. குதிச்சாளே, அப்பத்தான் வந்தா."

அத்தையின் கடுகடுப்பு இறங்கியது; முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போனை அவகிட்டக் குடு. நோரா, ஒயரைப் பிடுங்கினதும் படம் நின்னுபோச்சும்மா. இப்ப உன்னைப் பாக்க முடியலை. இன்னொரு தடவை குதி, சத்தமாவது கேக்கறேன்."

வீணா ரிசீவரைத் தரைக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்தாள். நோரா மரப்பலகைத் தரையில் குதித்தாள். டென்சில் குதித்தான். வீணாவும், கையில் போனைப் பிடித்துக்கொண்டே, குதித்தாள். அலமாரியில் பாட்டுப் புத்தகங்கள் அதிர்ந்தன. கடைசியாகப் பலகையே உள்வாங்குகிற மாதிரி கனமாக ஒரு சத்தம் விழுந்தது.

"அது யாரும்மா?" என்றார் தியோடர்.

"அத்தைப்பா!" என்று கத்தினாள் நோரா.